ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் ஒரு உறுப்பு நாட்டின் அரசியலமைப்பும் மோதினால் எது வெல்லும்?

எந்த நீதிமன்றத்தைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் ஒன்றியச் சட்டம்தான் என்று சொல்லும். ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், பொதுவாக ஆமாம், ஆனால் அதற்கு எல்லை உண்டு, எல்லை மீறப்பட்டதா என்பதை நாங்களும் பார்ப்போம் என்கிறது. சட்டம் படித்த நாளிலிருந்து என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் விஷயம் இது.

ஆரம்பம் ஒரு கரண்ட் பில். 1962இல் இத்தாலி மின்துறையை நாட்டுடைமை ஆக்கியது. மின் நிறுவனம் ஒன்றில் பங்கு வைத்திருந்த மிலான் வழக்கறிஞர் ஃபிளாமினியோ கோஸ்தா, அது ஐரோப்பியச் சமூகத்தை (இன்றைய ஒன்றியத்தின் முன்னோடி) உருவாக்கிய ஒப்பந்தத்துக்கு முரண் என்று சொல்லி 1,925 லிரா பில்லைக் கட்ட மறுத்தார். அந்த வழக்கில்தான், பின்னால் வரும் உள்நாட்டுச் சட்டம் எதுவும் ஐரோப்பியச் சட்டத்தை மீற முடியாது என்று 1964இல் லக்சம்பர்க் தீர்ப்பளித்தது. அந்த ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. அதை எழுத்தில் சேர்த்த 2004 ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்தை பிரான்ஸும் நெதர்லாந்தும் மறு வருடமே பொதுவாக்கெடுப்பில் நிராகரித்துவிட்டன. இப்போதுள்ள லிஸ்பன் ஒப்பந்தத்தில் அது பின்னிணைப்பாக வரும் ஒரு அறிவிப்பு மட்டுமே.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. சோள மாவு ஏற்றுமதி உரிமத்துக்குக் கட்டிய வைப்புத்தொகையை இழந்த ஒரு ஜெர்மன் நிறுவனம், அடிப்படை உரிமை பறிபோனதாக வழக்கு போட்டது. நாட்டு அரசியலமைப்பின் உரிமைகளைக் காட்டிக்கூட ஐரோப்பியச் சட்டத்தைத் தடுக்க முடியாது என்றது லக்சம்பர்க். 1974இல் ஜெர்மன் நீதிமன்றம் பதில் சொன்னது: எங்கள் அரசியலமைப்புக்கு ஈடான உரிமைப் பாதுகாப்பு அங்கே வரும்வரை ஐரோப்பியச் சட்டத்தை நாங்கள் சோதிப்போம். நிறுவனம் என்னவோ தோற்றது. ஆனால் அதன்பின் லக்சம்பர்க் உரிமைகளை இன்னும் அழுத்தமாகப் பேச ஆரம்பித்தது. 1986இல் ஜெர்மன் நீதிமன்றமே, அந்தப் பாதுகாப்பு நீடிக்கும்வரை இனி சோதிக்க மாட்டோம் என்று இறங்கி வந்தது. யார் பெரியவர் என்று முடிவு கட்டாமலே இரண்டு பக்கமும் மக்களின் உரிமையை வலுப்படுத்தின. இதை நான் பெரிய சாதனையாகவே பார்க்கிறேன்.

அப்புறம் 2020 மே மாதம், ஐரோப்பிய மத்திய வங்கியின் கடன்பத்திரக் கொள்முதலை ஏற்ற லக்சம்பர்க் தீர்ப்பே அதிகார வரம்பை மீறியது என்றது ஜெர்மன் நீதிமன்றம். 2021 அக்டோபரில் போலந்தின் அரசியலமைப்புத் தீர்ப்பாயமும் ஒன்றிய ஒப்பந்தத்தின் சில பிரிவுகள் தங்கள் அரசியலமைப்புக்கு முரண் என்று அறிவித்தது. இரண்டும் ஒன்றுதானே என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மன் நீதிமன்றம் கேட்டது மத்திய வங்கியிடம் ஒரு விளக்கம். அது கிடைத்ததும் கொள்முதல் தொடர்ந்தது. போலந்துத் தீர்ப்பாயத்திலோ நீதிபதிகள் சிலரின் தேர்வில் கடுமையான முறைகேடு இருந்ததாக மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றம் (இது லக்சம்பர்க் நீதிமன்றம் அல்ல, ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள தனி நீதிமன்றம்) அதே வருடம் மே மாதம் கண்டிருந்தது. சுதந்திரமான நீதிமன்றம் எழுப்பும் ஆட்சேபத்துக்குத்தான் மற்றவர் காதுகொடுக்க முடியும்.

மேலும் படிக்க விருப்பமிருந்தால் 1974, 1986 தீர்ப்புகளை அடுத்தடுத்து வாசியுங்கள்.