தொட்டிலுக்கு டிரம்ஸ் எதற்கு?

கே: பேத்தியைத் தொட்டிலில் போடும் நாளுக்காக ஒரு ஏ.ஐ. ஆப்பில் 'அழகான தமிழ்த் தாலாட்டு' கேட்டேன். தூங்குகிற பிள்ளை அலறி எழுகிற மாதிரி டிரம்ஸ் போட்டுத் தருகிறது. எப்படித்தான் கேட்பது?

ப: 'அழகான' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும், பாவம்! காதில் என்ன விழ வேண்டுமோ அதைச் சொல்லுங்கள். 'மெதுவான தாலாட்டு, நிமிடத்துக்கு 70 துடிப்பு, 6/8 தாளம், நடுவயதுப் பெண் குரல், காதருகே முணுமுணுப்பது போல, புல்லாங்குழலும் வீணையும் மட்டும்' என்று, முடிந்தால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். தாலாட்டு என்றால் நீலாம்பரி என்று நமக்குத் தெரியும், ஆனால் ராகப் பெயரை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

'டிரம்ஸ் வேண்டாம்' என்று, பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுகிற பாணிப் பெட்டியில் (Style) எழுதினால் சில சமயம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸையே கொட்டும். சூனோ (Suno) என்ற பாட்டு போடும் ஏ.ஐ. ஆப்பில் வேண்டாததை எழுதத் தனி இடம் இருக்கிறது, அங்கே போடுங்கள்.

பாட்டு வரிகளை நீங்களே எழுதிக் கொடுப்பதுதான் நல்லது, சின்னச் சின்ன வரியாக. அப்புறம், பேத்தி பெயர் கங்கா (Ganga) என்றால் 'Kanka' என்று பாடி வைக்கக்கூடும், நம் எழுத்தில் ka, ga இரண்டுக்கும் ஒரே 'க' தானே! அந்தப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் போட்டுப் பாருங்கள்.