பால் மறந்த பன்றிக் குட்டிகளுக்குக் கழிச்சல், தாய் மெலிவு: என் பதில்

பிறந்த 28-ஆம் நாள் 10 பன்றிக் குட்டிகளையும் தாயிடமிருந்து பிரித்தேன், மூன்றாம் நாளே கழிச்சல், தாயும் எலும்பு தெரிய மெலிந்துவிட்டது என்கிறீர்கள். வயதில் தப்பில்லை. அதுவரை பால் மட்டுமே குடித்த குடலுக்கு, பசியில் வயிறு முட்டத் தின்ற தீவனம் செரிக்காமல், அதில் கிருமி பெருகிக் கழிகிறது, அநேகமாக இதுதான் நடந்திருக்கும்.

இப்போதைக்குத் தீவனத்தை மாற்றாதீர்கள், அளவைக் குறைத்து நாளைக்கு ஐந்தாறு தடவையாகப் போடுங்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். சுத்தமான தண்ணீரும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் எப்போதும் இருக்கட்டும். தரை ஈரமில்லாமல், கதகதப்பாக இருக்க வேண்டும். இரத்தம் போனாலோ, இமை வீங்கினாலோ, தள்ளாடினாலோ உடனே கால்நடை மருத்துவர்தான்.

அடுத்த ஈற்றில் 10-ஆம் நாளிலிருந்தே தாய்க்கு எட்டாத மூலையில் ஒரு பிடி குட்டித் தீவனம் வையுங்கள், முதலில் மண்ணோடு கிளறி விளையாடும், அப்புறம் தின்னும். பிரிக்கும்போது தாயை வெளியே கொண்டுபோங்கள், குட்டிகள் பழகிய இடத்திலேயே இருக்கட்டும்.

தாய் மெலிந்தது பால் கொடுத்த காலத்தில் தீவனம் போதாமல்தான். தனக்கு 2 கிலோ, குட்டிக்கு அரை கிலோ என்று கணக்குப் பார்த்தால் உங்களுடையதற்கு நாளைக்கு 7 கிலோ வரும், நீங்கள் போட்டதோ 3! பால் வற்றட்டும் என்று இப்போது பட்டினி போட்டுவிடாதீர்கள், நன்றாகத் தின்றால்தான் ஒரு வாரத்துக்குள் மறுபடி இணை சேரும் பருவத்துக்கு வரும்.