மார்ட்டின் கிதார்: பெயர் ஒன்று, விலை ஏன் பல?

கேள்வி: இரண்டு மார்ட்டின் கிதார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டின் தலைப்பகுதியிலும் ‘1833 முதல்’ என்ற அதே முத்திரைதான் இருக்கிறது. ஆனால் ஒன்றின் விலை மற்றதைவிடப் பல மடங்கு. கூடுதல் காசு வேலைப்பாட்டுக்கா, பெயருக்கா?

இரண்டும் அசல் மார்ட்டின்தான். ஆனால் ஒரே ஊரில் செய்ததாகவோ ஒரே பொருளால் செய்ததாகவோ இருக்க வேண்டியதில்லை. அதைத் தெரிந்துகொள்ள விற்பனையாளரைக்கூடக் கேட்க வேண்டாம். சவுண்ட் ஹோல், அதாவது உடலின் நடுவிலுள்ள வட்டத் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கைப்பகுதி) உடலோடு சேரும் இடத்தில் ஒரு மரக்கட்டை தெரியும். அதில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத்தில் செய்ததா, மெக்சிகோவில் செய்ததா என்பதும் உள்ளேயே தெரிந்துவிடும். 15, 16, 17, 18, 28 என்று எண் போகும் வரிசைகள் நாசரேத்தில் தயாராகின்றன. எக்ஸ் வரிசை, ரோடு வரிசை, சின்ன உடல் கொண்ட லிட்டில் மார்ட்டின் எல்லாம் மெக்சிகோவின் நவோஹோவா ஊரிலிருந்து வருபவை.

விலையில் ஊரைவிட முக்கியம் பொருள். எக்ஸ் வரிசையின் முதுகும் பக்கங்களும் மரப்பலகை அல்ல. காகித அடுக்குகளைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்த தகடு அது. மேசை, அலமாரிகளில் ஒட்டும் சன்மைக்காவின் உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலியின் ஆழம் குறையும், ஆனால் வெயில் மழைக்கு விரிசல் விடாது. அடிக்கடி தூக்கிக்கொண்டு அலைபவருக்கு அது பெரிய வசதி. ரோடு வரிசைக்கு வந்தால் பெரும்பாலும் முழு மரம் கிடைக்கும். என்னைக் கேட்டால், வீட்டில் உட்கார்ந்து வாசிக்கப் போகிறவர் எக்ஸ் வரிசையைத் தாண்டி ரோடு வரிசைக்குப் போவது நல்லது. அதற்கு மேல் கொடுப்பது உங்கள் காதையும் பையையும் பொறுத்தது.

சரி, அந்த 1833-க்கு வருவோம். அது விளம்பரத்துக்குப் போட்ட ஆண்டு அல்ல. இன்றைய ஜெர்மனியில் உள்ள சாக்சனியின் மார்க்நாய்கிர்சன் ஊரில் 1796-ல் பிறந்த கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் மார்ட்டின், வியன்னாவில் ஸ்டாஃபர் என்ற புகழ்பெற்ற கிதார் வினைஞரிடம் தொழில் கற்றவர். ஊர் திரும்பியவருக்கு வயலின் செய்வோர் சங்கத்தோடு தகராறு. மார்ட்டின் குடும்பத்தார் தச்சர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள், தச்சர்களுக்குக் கிதார் செய்ய உரிமை கிடையாது என்று வழக்குப் போட்டார்கள். இந்த இழுபறியில் சலித்துப்போய் 1833-ல் கப்பலேறி நியூயார்க்கின் ஹட்சன் தெருவில் கடை போட்டார். சில ஆண்டுகளில் நகரத்தையும் விட்டு நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தார். நிறுவனம் இன்றும் அங்கேதான்.

அடுத்த நூறு ஆண்டில் இந்த நிறுவனம் செய்தவற்றில் பாதியை இன்று மற்ற எல்லா நிறுவனங்களும் செய்கின்றன. மேற்பலகையின் அடியில் எக்ஸ் வடிவில் சட்டம் ஒட்டும் முறை 1840-களிலேயே இவர்களிடம் வந்துவிட்டது. அப்போது கிதாருக்கு நரம்புத் தந்திதான். 1920-களில் எஃகுத் தந்தி பரவியபோது அந்த இழுவையைத் தாங்க இதே எக்ஸ் அமைப்பு கைகொடுத்தது. அகன்ற இடுப்புள்ள ‘ட்ரெட்நாட்’ உடலை 1916-ல் டிட்சன் என்ற பாஸ்டன் கடைக்காக அந்தக் கடையின் பெயரிலேயே செய்து கொடுத்தார்கள். பெயர் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பலுடையது. சொந்தப் பெயரில் விற்க ஆரம்பித்தது 1931-ல். 1929-ல் பெர்ரி பெக்டெல் என்ற பாஞ்சோ கலைஞர் நீண்ட நெக் கேட்டார். உடலுக்கு வெளியே 14 ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உள்ள ஓஎம், அதாவது ஆர்க்கெஸ்ட்ரா மாடல் அப்படிப் பிறந்தது.

விலைப்பட்டியலில் இந்த வரலாறு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. முன்னால் இருக்கும் எழுத்து உடலின் அளவு, பின்னால் வரும் எண் மரமும் அலங்காரமும். டி-18 என்றால் ட்ரெட்நாட் உடல், மஹாகனி. டி-28 என்றால் அதே உடல், ரோஸ்வுட். டி-45 என்றால் ஓரமெல்லாம் சிப்பி பதித்தது. அந்தச் சிப்பி வேலையால் ஒலி கூடாது, விலைதான் கூடும்.

கேள்வி: 1970-களில் செய்த டி-28 ஒன்று விலைக்கு வருகிறது. ‘பழையது என்றாலே பொக்கிஷம்’ என்கிறார் விற்பவர். நம்பலாமா?

எந்த ஆண்டு என்று முதலில் கேளுங்கள். மார்ட்டினில் ‘பழையது’ என்பது ஒரே வகை அல்ல.

அதிக விலை போவது 1944-க்கு முந்தியவை. அப்போது உள்சட்டங்களைச் செதுக்கி மெலிதாக்கியிருந்தார்கள், பலகை நன்றாக அதிர்ந்தது. வாங்கியவர்கள் தடித்த தந்தி போட்டுப் பலகையை உப்பவைக்கவே, 1944-ன் கடைசியில் செதுக்குவதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகும் 1969 வரை டி-28-க்குப் பிரேசில் ரோஸ்வுட்தான். அந்த மரம் கிடைப்பது அரிதானதால் இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது ஈட்டி மரத்துக்கு மாறினார்கள். 1970-களின் டி-28 இந்த இரண்டு மாற்றத்துக்கும் பிந்தியது. நாட்டுப்புற இசை மோகத்தில் ஆர்டர்கள் குவிய 1964-ல் புதிய தொழிற்சாலை கட்டி, 1971-ல் ஆண்டுக்கு 22,000-க்கு மேல் செய்து தள்ளிய காலம் அது. மோகம் வடிந்து 1982-ல் மூவாயிரம் சொச்சத்துக்கு இறங்கியது தனிக்கதை.

மோசமான கிதார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிரிட்ஜுக்கு (தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் மரக்கட்டை) அடியில் பெரிய ரோஸ்வுட் தகடு இருக்கும், ஒலி கொஞ்சம் அடங்கியிருக்கும். நெக்கைத் திருகாணியால் சரிசெய்யும் வசதி 1985-ல்தான் வந்தது. ஆகவே நேரில் போய் இதைச் செய்யுங்கள்: நீளமான நேர் ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் வைத்துப் பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டால் நல்லது. விளிம்புக்குக் கீழே மரத்தில் முட்டினால் நெக்கின் கோணம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். நெக்கைக் கழற்றி மறுபடி பொருத்தும் செலவு பின்னாலேயே வரும். அதைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், மறுத்தால் நடையைக் கட்டுங்கள். பிக்கார்டை (கீறல் படாமலிருக்க மேற்பலகையில் ஒட்டும் தகடு) ஒட்டிய பலகையில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள், அந்தக் காலத்தவற்றில் அது சகஜம்.

பிரேசில் ரோஸ்வுட் கிதாராக இருந்தால் இன்னொரு சங்கடம். 1992 முதல் அந்த மரம் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஆவணம் இல்லாமல் நாடு தாண்டி விற்க முடியாது.

கேள்வி: ஒரு பழைய மார்ட்டினின் உள்ளே ‘நியூயார்க்’ என்று முத்திரை குத்தியிருக்கிறது. நிறுவனமோ நாசரேத்தில். போலியா?

அந்த முத்திரையை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. நாசரேத்துக்குப் போன பின்பும் விற்பனை நியூயார்க் வழியாகவே நடந்ததால், 1898 வரை அந்த ஊரின் பெயரையே குத்தினார்கள். வரிசை எண் ஆரம்பித்ததும் அதே ஆண்டில்தான், அதுவும் 8,000-லிருந்து. அதுவரை செய்தவை அவ்வளவு இருக்கும் என்று உத்தேசமாகப் போட்ட கணக்கு அது. அந்த எண் 10 லட்சத்தைத் தொட்டது 2004-ல், 20 லட்சத்தைத் தொட்டது 2017-ல். எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் ஆண்டு கிடைக்கும். நியூயார்க் முத்திரையோடு ஆறு இலக்க எண்ணும் இருந்தால் கிட்டப் போகாதீர்கள்.

கேள்வி: சிக்மா என்பது மலிவு மார்ட்டின்தானே?

ஒருகாலத்தில். 1970-ல் ஜப்பானில் செய்வித்து மார்ட்டினே ஆரம்பித்த பெயர் அது. 2007-ல் விட்டுவிட்டார்கள். இப்போது வேறொரு ஜெர்மன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது, மார்ட்டினோடு சம்பந்தமில்லை. அப்புறம் ஒன்று: மார்ட்டினின் வாழ்நாள் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். இரண்டாம் கையாக வாங்குபவர் அந்த வார்த்தைக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.