பனியில் நிற்கும் அரசன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கணினியில் மிகைபுனைவு ஓவியங்கள் வரைகிறேன். கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஸ்காண்டிநேவியாவில் ஆண்டின் மிக நீண்ட இரவை எப்படிக் கொண்டாடியிருப்பார்கள் என்று யோசித்து ஒரு படம் வரைந்தேன். இணைத்திருக்கிறேன். நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, “இதற்கெல்லாம் ஆதாரமே கிடையாது, எல்லாம் பிற்காலத்தில் கட்டியது” என்றார். அதிலிருந்து கை ஓடவில்லை. இப்படி வரைவது பொய் சொல்வதாகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. அந்த மக்கள் தங்கள் சடங்குகளை விரிவாக எழுதி வைக்கவில்லை. நம் கையில் இருப்பவை பெரும்பாலும் வெளியாரோ, மதம் மாறிய பின் வந்தவர்களோ எழுதியவை. அதற்காக வரைவதை நிறுத்த வேண்டுமா என்ன?

ஸ்வீடன் ஓவியர் கார்ல் லார்சன் 1915இல் முடித்த ‘நடுக்குளிர்காலப் பலி’யைத் தேடிப் பாருங்கள். ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தின் மாடிப்படிச் சுவருக்காக வரைந்தது, 13.6 மீட்டர் அகலம். பஞ்சம் தீர, டோமால்டே என்ற அரசனை ஸ்வீடனின் உப்சாலா கோயில் முன் பலி கொடுக்கப் போகிறார்கள். கதை, 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி சொன்னது: முதல் வருடம் எருதுகள், அடுத்த வருடம் மனிதர்கள், மூன்றாம் வருடம் அரசன். ஆனால் அவர் கதையில் அது இலையுதிர்காலம். 1070களில் எழுதிய ஜெர்மானியப் பாதிரியார் ப்ரேமன் ஆதாமின் நூலில் உள்ள குறிப்போ, உப்சாலாவின் பெரும்பலி வசந்தகாலச் சம இரவு நாளை ஒட்டி நடந்தது என்கிறது. அரசனைப் பனியில் கொண்டுவந்து நிறுத்தியவர் லார்சன்தான்.

அது பொய்யா? நடுக்குளிர்காலத்தில் விளைச்சலுக்காகப் பலியிட்டார்கள் என்று அதே ஸ்னோரி வேறோரிடத்தில் சொல்கிறார். பசியும் இருட்டும் சேர்ந்து நெருக்கும் காலம் அது. அங்கே அந்த மரணத்தை வைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

வெவ்வேறு காலத்துப் பொருட்களைக் கலந்துவிட்டார் என்று அன்று கடுமையாகச் சாடினார்கள். அருங்காட்சியகம் படத்தை மறுத்தது. லார்சன் அந்த வலியோடுதான் 1919இல் இறந்தார். படம் பிறகு ஜப்பானியச் சேகரிப்பாளர் ஒருவரிடம் போய், 1997இல் 1.46 கோடி ஸ்வீடன் குரோனருக்குத் திரும்ப வாங்கப்பட்டது. இன்று அதே சுவரில் இருக்கிறது.

அந்தப் படத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே ஒரு கையை. சிவப்பு அங்கி போட்டவன் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருக்கிறான். சாகப் போவது அரசனுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஆனாலும் மறைக்கிறான். எந்த ஏட்டிலும் இல்லாத அந்தக் கையை நான் முழுக்க நம்புகிறேன்.

இப்போது உங்கள் படம். பனியும் நெருப்பொளியும் அருமை. ஆனால் யார் கையும் எதையும் செய்யவில்லை, எல்லோரும் சும்மா நிற்கிறார்கள். அப்புறம், அந்தக் கொம்புத் தெய்வம் பழைய பிரான்ஸின் கெல்ட் மக்களுடையது. வைப்பதானால் தெரிந்தே வையுங்கள். படத்தின் கீழே ‘முன்னோர் கொண்டாடிய விதம்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஸ்னோரி இன்னொன்றும் சொல்கிறார். 10ஆம் நூற்றாண்டில் நார்வே அரசன் ஹாக்கோன், யூல் என்ற நடுக்குளிர்காலப் பண்டிகையைக் கிறிஸ்துமஸ் நாளுக்கு மாற்றியபோது, ஒவ்வொருவரும் ஓர் அளவு பார்லி மது வடிக்க வேண்டும், அது தீரும்வரை பண்டிகை என்று சட்டம் போட்டான். அதை வரையுங்களேன். பீப்பாயைச் சாய்த்துப் பிடித்து, அடியில் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்க்கும் ஒரு கிழவி. உங்கள் நெருப்பொளி அவள் முகத்தில் விழட்டும். வரைந்ததும் அனுப்புங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன்.