அத்தை மகனும் சித்தப்பாவின் நோயும்

கேள்வி: எங்களுக்குக் கோபி பக்கம் மஞ்சள் தோட்டம். பல வருடங்களாக மனச்சிதைவு நோயுள்ள சித்தப்பா, தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார். குலதெய்வக் குற்றம் என்கிறார் பாட்டி. என்னை அத்தை மகனுக்குக் கேட்கிறார்கள். பிறக்கும் குழந்தைக்கு இந்த நோய் வருமா? கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பியும் சில மாதமாகத் தூங்குவதில்லை; பக்கத்து அறைக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். தாயத்து கட்டியிருக்கிறோம். டாக்டரிடம் காட்டினால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார்.
- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: குலதெய்வக் குற்றம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள் அம்மா. சீனா, ஜப்பான் உள்ளிட்ட கிழக்காசிய நாடுகளில் மனச்சிதைவு உள்ள 22,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-இல் முடிவு வெளியிட்டார்கள். ஐரோப்பியரிடம் கண்ட மரபுக் காரணங்களே பெரும்பாலும் அங்கேயும் இருந்தன. எத்தனையோ மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து செய்கிற வேலை இது. 100 பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வருகிற நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 100-க்கு 10 பேர் வரைக்கும் வரலாம். சித்தப்பா அளவு உறவென்றால் 2 முதல் 4 பேர்.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. உங்கள் சித்தப்பா மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். குழந்தைக்கு இரண்டு பக்கமும் ஒரே குடும்பம். பிறவிக் குறைபாடுகளுக்கான வாய்ப்பும் உறவுத் திருமணத்தில் ஏறக்குறைய இரட்டிக்கிறது. இருவரும் மரபணு ஆலோசனைக்குப் போய்வந்த பிறகு உறுதிவார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். உடன்பிறந்தவரின் நோயை அத்தையிடம் மறைக்கவும் முடியாது!

எனக்குக் கவலை உங்கள் தம்பியைப் பற்றித்தான். ஆண்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் கல்லூரி வயதை ஒட்டித்தான் தலைகாட்டும். அவனுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. வேறு காரணமும் இருக்கலாம். கஞ்சாப் பழக்கம் உண்டா என்று அதட்டாமல் கேளுங்கள்; மரபில் வாய்ப்புள்ள பிள்ளைக்கு அது எரிகிற கொள்ளியில் எண்ணெய். மனச்சிதைவாகவே இருந்தாலும், வைத்தியம் தள்ளிப்போகப் போகத்தான் குணமாவது கடினமாகும். சம்பந்தத்துக்காக ஒரு பிள்ளையைக் காக்க வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

தாயத்து கையில் இருக்கட்டும், அதற்காகச் சண்டை வேண்டாம். ‘யாரும் பேசவில்லை, உன் பிரமை’ என்றும் வாதாடாதீர்கள். ‘தூக்கம் கெட்டுவிட்டதே, காட்டிவிட்டு வரலாம்’ என்று இந்த வாரமே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வர மறுத்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்வதாகப் பேசினால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள்.