கிங் ஏர் வலது சீட்டுக்கு நாள் கூலி 200 டாலர் போதுமா?

தம்பி, ஹூஸ்டனுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, கிரீன் கார்டு இருக்கிறது, கமர்ஷியல் லைசென்ஸ், இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது), மல்டி (பல எஞ்சின் விமானம்) எல்லாம் முடித்து 400 மணி நேரத்துக்கு மேல் பறந்தாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். இரட்டை எஞ்சின் சிறு விமானமான கிங் ஏர் 200 ஒன்றில் வாரம் இரண்டு மூன்று நாள் கோ-பைலட்டாக, அதாவது வலது சீட்டில், வரச் சொல்கிறார்கள், கான்ட்ராக்ட், ஒரு நாளைக்கு 200 டாலர், நியாயமா என்று கேட்கிறாய். கூடவே வீடு எங்கே பார்ப்பது, கார் லோன், மனைவியை எப்போது அழைத்து வருவது என்றும் கேட்டிருக்கிறாய். அதையெல்லாம் சொல்ல ஹூஸ்டனில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூலி விஷயத்தை நான் சொல்கிறேன். நான் வந்தபோது இதைக் கேட்க எனக்கு ஒருவரும் இல்லை.

200 நியாயமில்லை. கணக்குப் போட்டுப் பார். பயணிகளைக் காசுக்கு ஏற்றிச் செல்லும் சார்ட்டர் விமானங்களுக்கான விதிப்படி 24 மணி நேரத்தில் உனக்குத் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். மீதி 14 மணி நேரமும் அவர்கள் உன்னை டியூட்டியில் வைத்திருக்கலாம். அப்படிப் பார்த்தால் மணிக்குப் பதினான்கு டாலர் சொச்சம். கான்ட்ராக்ட் என்பதால் வருஷக் கடைசியில், வரி பிடிக்காமல் கொடுத்த பணத்தைக் காட்டும் 1099 படிவம்தான் வரும். முதலாளி கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்பு வரிப் பங்கையும் நீயே கட்ட வேண்டும். இரண்டு பங்கும் சேர்ந்து 15.3 சதவீதம். கூலியில் 92.35 சதவீதத்துக்குத்தான் அதைக் கணக்கிடுவார்கள் என்பதால் 200-க்கு 28 டாலர் போய்விடும். வருமான வரி அதற்கு மேல் தனி. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். மெடிக்கல் இன்சூரன்ஸ், லீவு, பென்ஷன் எதுவும் கிடையாது. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நாலு தவணையில் வரியை முன்கூட்டியே கட்டவில்லை என்றால் அபராதம் வேறு. முதல் செக் வந்ததும் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு மறந்துவிடு.

என் கணக்கில், உன் அனுபவத்துக்குக் கிங் ஏர் வலது சீட்டில் 350-க்குக் கீழே உட்காரக் கூடாது. அந்த மாடலுக்கென்றே தனித் தகுதி, அதாவது டைப் ரேட்டிங் கேட்கிற சின்ன ஜெட் என்றால் 500-லிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம். சாப்பாட்டுப் படி தனி. ஹோட்டல், டிக்கெட், வாடகைக் கார் எல்லாம் அவர்கள் கார்டில். உன் கார்டில் போட்டுவிட்டு அப்புறம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதே.

தொகையைவிட முக்கியமான ஒன்று, நாள் என்றால் என்ன என்பது. இதில்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறார்கள். விமானம் பறந்த நேரம் நாள் ஆகாது. நீ வீட்டை விட்டுக் கிளம்பி, வேறு வேலை எடுக்க முடியாமல் அவர்கள் கையில் இருக்கிற ஒவ்வொரு தேதியும் ஒரு நாள். திங்கட்கிழமை பறந்து போய், செவ்வாய் முழுக்க ஹோட்டலில் கிடந்து, புதன் திரும்பினால் மூன்று நாள் கூலி. அரை நாள் என்று ஒன்று இல்லவே இல்லை. முந்தின நாள் ராத்திரி டிரிப்பை ரத்து செய்தாலும் கூலி உண்டு. இதையெல்லாம் முதல் டிரிப்புக்கு முன்னால் இமெயிலில் எழுதி, 'சரி' என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்.

நான் வந்தது 2007-ல். அந்த வருஷ டிசம்பரில் ஏர்லைன் பைலட்களின் ஓய்வு வயதை 60-லிருந்து 65 ஆக்கினார்கள். மேலே இருந்தவர்கள் யாரும் நகரவில்லை. அடுத்த வருஷம் பொருளாதாரமும் படுத்துவிட்டது. இன்ஸ்ட்ரக்டராக இருந்துகொண்டு, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் வலது சீட்டில் போனேன். ஒரு ஆகஸ்ட் மாதம் மேற்கு டெக்சஸில் இருக்கிற மிட்லண்டுக்கு ஒரு எண்ணெய்க் கம்பெனி முதலாளியைக் கூட்டிக்கொண்டு போனோம். காலை ஐந்தரைக்கு நான் ஹேங்கரில் இருந்தேன். ஐஸ் டிராயரை நிரப்பி, காபி பிடித்து, முன் கண்ணாடியைத் துடைத்து, வேகத்தை அளக்கிற பிட்டோ குழாய்களின் கவர்களைக் கழற்றி வைத்தேன். அங்கே இறங்கியதும் எஞ்சின் கவர் மாட்டிவிட்டு, பைலட்டுகள் ஓய்வெடுக்கிற அறையில் உட்கார்ந்தோம். பகல் இரண்டு மணிக்கு வருகிறேன் என்றவர் இரவு ஒன்பதுக்கு வந்தார். அதற்குள் வானிலையை மறுபடி மறுபடி பார்த்து, எரிபொருள் கணக்கை இரண்டு தடவை மாற்றி, வாங்கி வைத்த சாப்பாடு கெட்டுப்போய் வேறு வாங்கி வைத்தேன். திரும்பி வந்து இறங்கியதும், பறந்தது இரண்டு மணி நேரம்தானே, பகலெல்லாம் சோபாவில் படுத்திருந்தாயே என்று 75 டாலரை நீட்டினார்.

என்னோடு வந்த கேப்டன் வயதானவர், அதிகம் பேச மாட்டார். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தன் இன்வாய்ஸில் என் நாளையும் முழுத் தொகைக்குச் சேர்த்து எழுதி அனுப்பிவிட்டார். பணம் வந்தது. அதற்கப்புறம் என் பில்லை நானே போட ஆரம்பித்தேன், எந்த முதலாளியிடமும் அரை நாளுக்கு ஒத்துக்கொண்டதில்லை.

நம் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோபப்படாதே. கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவோம், கூலிக்கு வாய் திறக்க மாட்டோம். 'மணி நேரம் கிடைக்குதே அண்ணா' என்று இலவசமாகப் போகிறவர்களை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். பணம் கட்டிக்கொண்டு வலது சீட்டில் உட்காருகிறவர்களும் உண்டு. ஒருவன் சும்மா போனால் அடுத்த பத்துப் பேரின் கூலி விழுகிறது. ஏர்லைனுக்கு 1,500 மணி நேரம் வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மணி நேரமே செல்லாமல் போகலாம். கிங் ஏர் 200 ஒரே பைலட் ஓட்டலாம் என்று சான்று பெற்ற விமானம். ஓனர் தன் சொந்த வேலைக்குப் பறக்கும்போது அங்கே கோ-பைலட் சட்டப்படி தேவையில்லை, அதனால் கோ-பைலட் நேரம் என்று நீ லாக் புத்தகத்தில் எழுத முடியாது. உரிமம் பெற்ற சார்ட்டர் கம்பெனி பயணிகளோடு இன்ஸ்ட்ருமென்ட் விதிகளில் பறக்கும்போது, ஆட்டோபைலட்டை வைத்துக்கொண்டு ஒரே பைலட் போதும் என்று அரசின் விமானத் துறையான எஃப்ஏஏ-விடம் அனுமதி வாங்கி அதன்படி பறக்காவிட்டால், கோ-பைலட் கட்டாயம். அங்கே உனக்குப் பயிற்சி கொடுத்து, செக் ரைடு என்கிற பறந்து காட்டும் தேர்வு வைத்து, போதைப் பரிசோதனைப் பட்டியலிலும் சேர்த்திருப்பார்கள். இது எதுவும் இல்லாமல் 'நாளைக்கு வா' என்று கூப்பிட்டால் அது என்ன மாதிரியான டிரிப் என்று கேள்.

இதுதான் எனக்குப் பெரிய பயம். சார்ட்டர் உரிமமே இல்லாமல், விமானத்தை வாடகைக்குக் கொடுத்தது போலக் காகிதம் தயார் செய்து ஆட்களைக் காசுக்கு ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எஃப்ஏஏ பிடித்தால் முதலாளி அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவார். உன் லைசென்ஸ்தான் போகும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார், பணம் யாருக்குக் கொடுத்தார் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஏறாதே, 1,000 டாலர் கொடுத்தாலும் ஏறாதே.

விமானத்தின் இன்சூரன்ஸில் உன் பெயர் இருக்கிறதா என்றும் பார். பெயர் இருந்தால் மட்டும் போதாது. விபத்துக்கு ஓனருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உன்னிடம் கேட்டு வழக்குப் போட மாட்டோம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி எழுதித் தர வேண்டும். சப்ரோகேஷன் வேவர் என்று கேட்டால் புரோக்கருக்குத் தெரியும்.

எச்-1பி வேலை விசாவில் இருக்கிற நண்பனும் வார இறுதியில் இப்படிப் பறக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தாய். கூடாது. அந்த விசா, மனுப் போட்ட கம்பெனிக்கு மட்டும்தான். கான்ட்ராக்ட் பணம் வாங்கினால் அவன் இங்கே இருப்பதே கேள்விக்குறியாகிவிடும்.

இந்த வாரம் ஒன்று செய். அந்தக் கிங் ஏரின் கேப்டனைத் தனியாகக் கூப்பிட்டு, அவருக்கு ஒரு நாளைக்கு என்ன தருகிறார்கள், பணம் எத்தனை நாளில் வருகிறது, உனக்கு முன்னால் அந்தச் சீட்டில் இருந்தவன் ஏன் போனான் என்று கேள். பதிலைக் கேட்டுக்கொண்டு அப்புறம் ஓனரிடம் 350 என்று சொல். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இன்ஸ்ட்ரக்டர் வேலையில் சேர். அதில் எழுதுகிற ஒவ்வொரு மணி நேரமும் செல்லும்.