பேர் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: எங்கள் பாடசாலையில் ஆண்டு முடியும்போது, விளையாட்டில் சாதித்த பிள்ளைகளுக்கு ஒரு விழா எடுக்கப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்கிறோம். இலங்கை மலையகத்தில் படித்தவர்களே, உங்கள் மனதில் நின்ற அப்படி ஒரு விழாவைப் பற்றிச் சொல்ல முடியுமா? எப்படி நடத்தினால் நன்றாக இருக்கும்?

பதில்:

என் மனதில் நிற்பவை இரண்டு விழாக்கள். இரண்டும் ஒரே பதக்கத்துக்காக நடந்தவை. ஒன்று வியாழக்கிழமை பாடசாலையில், மற்றது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்தில்.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தரம் 11 படித்த வருடம், எங்கள் பாடசாலைப் பெண்கள் நான்கு பேர் 4 × 100 மீற்றர் அஞ்சலோட்டத்தில் மாகாண மட்டம் வரை போய் மூன்றாமிடம் எடுத்தோம். மூன்றாமிடம்தானே என்று சிலர் நினைக்கலாம். மத்திய மாகாணத்தில் 15 கல்வி வலயங்கள் இருக்கின்றன. நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என்று ஐந்து. இல்ல விளையாட்டுப் போட்டியில் தொடங்கி, வலயத்தில் வென்று, அப்புறம்தான் மாகாணம். கண்டி நகரத்துப் பெரிய பாடசாலைகளோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். எங்கள் பாடசாலையிலிருந்து அதுவரை யாரும் ஓட்டத்தில் அங்கே போனதில்லை.

எங்களுக்கு மைதானம் என்று இருந்தது, மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். நேராக 100 மீற்றர் ஓட இடமில்லை. எண்பதாவது மீற்றரில் தேயிலை வந்துவிடும். அதனால் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போகிற தோட்டத்து ரோட்டில்தான் ஓடிப் பழகினோம். உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. கணிதம் படிப்பித்த சேர்தான் பின்னேரம் நின்று பழக்கினார். அஞ்சலோட்டத்தில் கைமாற்றுகிற கோல்கூட அவர் பி.வி.சி. குழாயை ஓரடிக்கு அறுத்து, முனையை உரைத்துத் தந்ததுதான். ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது கதை சொல்லுவார். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் எடுத்த டங்கன் வைட், 1958-ல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து தங்கம் வாங்கிய எதிர்வீரசிங்கம், 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் பதக்கம் வென்ற சுசந்திகா. சுசந்திகாவும் கிராமத்துப் பிள்ளைதான் என்பதை அவர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். நாங்களும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்போம்.

மூடுபனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு மணிக்கு மேல் பனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. பின்னால் ஓடி வருகிறவளின் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். அவள் “ஏய்” என்றதும் கையைப் பின்னால் நீட்டினால் கோல் உள்ளங்கையில் வந்து விழ வேண்டும். திரும்பிப் பார்த்துப் பயனில்லை, பார்த்தாலும் தெரியாது. 4 × 100-ல் திரும்பிப் பார்க்காமல் கோல் வாங்குவதுதான் சரியான முறை. மற்றப் பாடசாலைகள் அதை மாதக்கணக்கில் பழக்குவார்கள். எங்களுக்கு அதைப் பனியே பழக்கிவிட்டது. அப்போது கோல் மாற்றும் இடம் 20 மீற்றர்தான், இப்போது 30. அந்த 20 மீற்றருக்குள் நாங்கள் ஒருதரமும் தவறவிட்டதில்லை.

கண்டி போகம்பரை மைதானத்தில் போட்டி. விடிவதற்கு முன் பஸ் ஏறி ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து போய் இறங்கியபோது எங்களில் இரண்டு பேர் வாந்தி எடுத்திருந்தோம். எங்கள் ஊர் ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரம், கண்டி 500 மீற்றர்தான். அந்த வெயில் எங்களுக்குப் புதிது. சப்பாத்து இருந்தும் வெறுங்காலோடுதான் ஓடினோம், பழக்கம் அப்படி. நான் மூன்றாவதாக, வளைவில் ஓடினேன். எனக்குக் கோல் வரும்போது ஆறாமிடம். கடைசிப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது நான்காமிடம். மற்ற இரண்டு அணிகள் கோல் மாற்றும்போது தடுமாறியதைப் பக்கத்தில் கண்டேன். எங்கள் கோல் தடுமாறவில்லை. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம், மிச்சமெல்லாம் கூச்சல். (மற்ற மூவரின் பெயரையும் அவர்களைக் கேட்காமல் இங்கே எழுதுவது சரியில்லை என்பதால் எழுதவில்லை.)

சரி, விழாவுக்கு வருகிறேன். அதற்கு முன் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சொல்லை விளக்க வேண்டும். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் பெயர் மட்டும் இல்லை. ஒருநாள் வேலை செய்து செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், பதிவாவதற்கும் பேர் என்றுதான் சொல்வோம். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனால் ஒன்றரைப் பேர். மாதக் கடைசியில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அரிசிக் கடன் அடையும்.

அந்தக் காலத்தில் தரம் 11 முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சை டிசம்பரில் நடக்கும். அதனால் எங்களை வழியனுப்புவதையும் விளையாட்டுப் பரிசளிப்பையும் சேர்த்து, நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வைத்தார்கள். அம்மா கங்காணியிடம் சொல்லிவிட்டு மலையிலிருந்து நேராக வந்தார். பகல் கொழுந்து நிறுப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மண்டபத்தில் கடைசி வாங்கில் உட்கார்ந்தார். பிரதம விருந்தினர் வந்தது பதினொன்றரைக்கு. மாலை, விளக்கேற்றல், வரவேற்பு நடனம், நான்கு உரைகள். எங்கள் முறை வந்தபோது அம்மா இருந்த இடம் காலியாக இருந்தது. ஒலிவாங்கியில் “அஞ்சலோட்ட அணி, மாகாண மட்டம், மூன்றாமிடம்” என்றார்கள். நான்கு பேரும் போனோம், பதக்கத்தை மாட்டினார்கள், வந்தோம். பெயர் சொல்லவில்லை. நேரம் போய்விட்டது என்று யாரோ அவசரப்படுத்தியது கேட்டது.

பின்னேரம் லயத்துக்கு, எங்கள் வரிசை வீட்டுக்கு, போனால் அம்மா கேட்ட முதல் கேள்வி, “ஒன் பேரக் கூப்புட்டாங்களா?”

“கூப்புட்டாங்கம்மா” என்றேன். அம்மாவுக்கு அன்று அரைப்பேர். அதற்கு மேல் நான் எப்படி வேறு சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை நடந்தது யாரும் திட்டம் போட்டு நடத்திய விழா இல்லை. எங்கள் நான்கு பேரில் மூன்று பேர் ஒரே தோட்டம். சனிக்கிழமை ராத்திரி தோட்டத் தலைவர் எங்கள் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) வந்து நின்று, “நாளைக்குக் கோயிலடிக்கு மூணு புள்ளைகளையும் கூட்டியாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் போனபோது மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் மேல் லயம், கீழ் லயம் எல்லாம் கூடியிருந்தது. கவாத்து மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகள், போட்டு ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. தப்புப் பறை அடிக்கிற தாத்தா குந்தியிருந்து தப்பை நெருப்பில் காட்டி, திருப்பி, விரலால் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். போதவில்லை. திரும்பவும் காட்டினார். ஈரக் காற்றில் தோல் தொய்ந்துவிடும், சூடேறினால்தான் சத்தம் எழும்பும். அத்தனை சனமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றது. மூன்றாம் தரம் தட்டியபோது ‘டண்’ என்று எதிர்மலையில் போய் அடித்தது. அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்கும் சாவுக்கும் கேட்ட தப்பு அது. ஓடி வென்றவர்களுக்கென்று எங்கள் தோட்டத்தில் அது அடிபட்டது அன்றைக்குத்தான்.

பிறகு தலைவர் கையில் ஒரு கொப்பித் தாளை வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். வெறும் பெயர் இல்லை. இன்னார் மகள், இன்னார் பேத்தி, இத்தனையாம் நம்பர் லயம் என்று முழுதாக. ஒவ்வொரு பெயருக்கும் தப்பு ஒருமுறை நின்று மறுபடி எழும்பியது. வீட்டுக்கு இருபது ரூபாய் சேர்த்து டவுன் பாத்திரக் கடையில் ஆளுக்கொரு சில்வர் தட்டு வாங்கியிருந்தார்கள். தட்டின் விளிம்பில் எங்கள் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது.

அம்மா முதலில் என் கழுத்திலிருந்த பதக்கத்தைத்தான் கையில் எடுத்தார். கொழுந்துக் கறை விரலில் கறுப்பாக ஏறியிருக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு, நாடாவைத் தொடாமல் பதக்கத்தின் ஓரத்தை மட்டும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல ஒன் பேரு எங்க இருக்கு?” என்று கேட்டார். பதக்கத்தில் பெயர் போட மாட்டார்கள் என்றேன். தட்டைக் கொடுத்தேன். அம்மா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். விளிம்பில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, முடிவில் என் பெயரைச் சத்தமாகச் சொன்னார். அப்புறம்தான் சொன்னார்: “வியாழக்கெழம கூப்புடலன்னு எனக்குத் தெரியும். பக்கத்துக் காம்பராக்காரி கடைசி வரைக்கும் இருந்துட்டுத்தான் வந்தா.”

பதக்கத்தின் பூச்சு இப்போது உரிந்துவிட்டது. தட்டு அப்படியே இருக்கிறது. அம்மா அதில்தான் சாப்பிடுகிறார்.

நான் இப்போது ஆசிரியை. எங்கள் பாடசாலையில் வருட முடிவு விளையாட்டு விழாப் பொறுப்பு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. நீங்கள் எப்படி நடத்தலாம் என்று கேட்டதால், நான் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருப்பவற்றைச் சொல்கிறேன். விழாவை ஞாயிற்றுக்கிழமையோ போயா (பௌர்ணமி) தினத்திலோதான் வைக்கிறேன். ஞாயிறும் சில வேளை வேலை போடுவார்கள், ஒன்றரைப் பேரை விட்டுவிட்டு வா என்று யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் இரண்டு கிழமைக்கு முன்பே ஒவ்வொரு தோட்டத்துத் தலைவரிடமும் கேட்டு நாள் குறிப்போம். ஆசிரியர்களுக்கு இது சிரமம். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தெரியும். ஆனாலும் ஒரு வருடத்தில் ஒரு ஞாயிறுதானே.

விருந்தினர் வரும்வரை காத்திருப்பதில்லை. முதலில் பிள்ளைகள், பிறகுதான் உரைகள். பேச வருகிறவர்கள் முரளிதரனின் 800 விக்கெட்டைச் சொல்வார்கள். சொல்லட்டும், இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த ஒருவரின் பேரன் உலகத்திலேயே அதிக டெஸ்ட் விக்கெட் எடுத்தது நம் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய செய்தி. ஆனால் குண்டு போடுதலில் வலயத்தில் இரண்டாமிடம் வந்த பிள்ளை தன் பெயரை ஒலிவாங்கியில் கேட்ட பிறகு அதைக் கேட்டால்தான், தானும் அந்த வரிசையில் நிற்கிறதாக நினைக்கும். அதை ஒவ்வொரு வருடமும் அந்த முகங்களில் பார்க்கிறேன். பெயரோடு அம்மா, அப்பா பெயர், தோட்டம், டிவிசன் எல்லாம் வாசிக்கிறோம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிற அம்மாக்களின் பெயரையும் விடுவதில்லை. வாசிப்பதை யாராவது கைபேசியில் எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்று. எங்கள் அணிக்கு ஐந்தாவதாக ஒரு பிள்ளை இருந்தாள். யாருக்காவது முடியாமல் போனால் ஓடுவதற்காக எங்களோடு கண்டிக்கு வந்தவள். பஸ்ஸில் வாந்தி எடுத்த எங்களுக்குத் தேசிக்காயை முகரக் கொடுத்து, எங்கள் உடுப்பையும் தண்ணீர்ப் போத்தலையும் கட்டிக் காத்தது அவள்தான். அவளுக்குப் பதக்கமும் இல்லை, தட்டும் இல்லை. இரண்டு விழாவிலும் அவள் பெயரை யாரும் கூப்பிடவில்லை. எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. இப்போது எந்த அணியைக் கூப்பிட்டாலும், ஓடாமல் காத்திருந்த பிள்ளையின் பெயரைத்தான் முதலில் வாசிக்கிறேன்.

கடைசியாக, பாடசாலையை விட்டுப் போகிற தரம் 11 அஞ்சலோட்டக்காரர்கள் தரம் 10 பிள்ளைகளிடம் கோலைக் கொடுப்பார்கள். மேடையில் நின்று கைகுலுக்கி இல்லை, மண்டபத்துக்கு வெளியே முற்றத்தில் ஓடிவந்து, வாங்குகிற பிள்ளை திரும்பிப் பார்க்காமல். சேர் அறுத்துத் தந்த அதே குழாய்தான். ஓய்வு பெறும்போது அவர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வருடம் மரதனில் கடைசியாக வந்த ஒரு பையனின் பெயரை வாசித்தேன். மழையில் முழுத் தூரமும் ஓடி முடித்தவன். அவன் அம்மாவின் பெயரையும் வாசித்ததும், பின் வரிசையில் ஒரு அம்மா சட்டென்று எழுந்து, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில் பதில் சொல்வதுபோல “இருக்கேன்” என்றார். மண்டபமே கைதட்டியது. பையன் மேடையை மறந்து அவரிடம் ஓடினான்.

உங்கள் விழா எந்த ஊரில், எந்த நாள் என்று சொல்லுங்கள். தலவாக்கலை, ஹட்டன் பக்கம் என்றால் அந்தக் கோலையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.